நாற்பத்தொரு ஜோடிக் காலடிகள்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஜோடி ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் நாற்பத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தையல் நேராக இருக்கிறதா, இரண்டு மூக்கும் ஒரே உயரமா, நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா, உள்ளே ஏதாவது குத்துகிறதா. கேள்விகளை எழுதியவன் நான். பதினோரு வருடமாக ஆம்பூரில் கடைசிப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருப்பவனும் நான்தான். என் கையெழுத்து விழுந்த பெட்டி திரும்பி வந்ததே இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்தப் பெருமை ஒரு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு முடிந்தது. ஜெர்மனியிலிருந்து மார்க்கஸ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எங்கள் ஷூக்களை வாங்கும் கம்பெனியின் ஆள் அவர். வருடத்துக்கு இரண்டு முறை ஆம்பூர் வருவார். பிரியாணி சாப்பிடுவதும் இரண்டு சொற்களும் அவர் எங்களிடம் கற்றுக்கொண்டவை: ஜாஸ்தி, கம்மி. வீடியோவில் கறுப்பு உடை போட்ட ஒரு கூட்டம் மரத்தரையில் வரிசையாக நடந்தது. எல்லார் காலிலும் நாங்கள் அனுப்பிய கறுப்பு ஷூ. ஒவ்வொரு அடிக்கும் கீச், கீச், கீச்.

ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நயீம் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கோழிப் பண்ணையா?"

"நம்ம ஷூ பாய்."

"யா அல்லா!"

வீடியோவுக்குக் கீழே மார்க்கஸ் ஒரே வரி எழுதியிருந்தார்: சத்தம் ஜாஸ்தி.

நாங்கள் வழக்கமாகச் செய்வது ரப்பர் அடி வைத்த ஷூ. இந்த நாற்பத்தொரு ஜோடி மட்டும் தோல் அடி. ஒரு பாடகர் குழுவுக்காக மார்க்கஸின் கம்பெனி இலவசமாகச் செய்துகொடுத்தது. நான் நாற்பத்திரண்டு கேள்வியும் கேட்டு, எண்பத்திரண்டு ஷூவையும் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். ஆனால் என் மேஜைக்குப் பத்தடி தள்ளி கம்ப்ரசர் ஓடுகிறது. அதன் பக்கத்தில் யானை பிளிறினாலும் யாரும் திரும்பமாட்டார்கள். என் கேள்விகள் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும்தான். காதுக்கு ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. முதலாளி வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "நீங்கதான பாஸ் பண்ணீங்க? நீங்களே போய் சரி பண்ணிட்டு வந்துடுங்க" என்றார். போன கண்காட்சிக்காக எடுத்த விசா எனக்கு மிச்சம் இருந்தது என் துரதிர்ஷ்டம்.

வீட்டில் என் மனைவி மல்லிகா புளியோதரை கட்டிக்கொண்டே கேட்டாள்: "நாப்பத்திரண்டு கேள்வி கேட்டீங்களே, ஒரு தடவ கால்ல போட்டு நடந்து பாத்தீங்களா?"

"எண்பத்திரண்டு ஷூவயும் போட்டுக்குனு நான் நடக்கணுமா?"

"ஒண்ணு?"

நான் பெட்டி அடுக்கப் போய்விட்டேன்.

விமான நிலையத்தில் என் ஒழுங்கே எனக்கு எதிரி ஆனது. பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்து மேலாக வைத்திருந்தேன். பன்னிரண்டாவது வரி: ஷூ ஒட்டும் பசை, ஒரு டின். அதிகாரி பெட்டியைக் கிளறவே இல்லை. பட்டியலைப் படித்தார், "தேங்க்ஸ் சார்" என்றார், நேராகக் கையை விட்டு டின்னை எடுத்து வெளியே வைத்தார். பதின்மூன்றாவது வரியில் இருந்த மெல்லிய ரப்பர் தகடு தப்பியது. அதையும் அவர் பிடுங்கியிருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். அது அப்போது தெரியாது.

நான் போன ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்னிடம் நல்லபடியாக இருந்த ஒருவரின் வீட்டைத் தேடிக்கொண்டு யாரும் போகக் கூடாது. ஆம்பூரைப் போல அதுவும் ஒரு காலத்தில் ஷூ ஊர். இப்போது அங்கே ஒரு ஷூகூடச் செய்வதில்லை. எல்லாம் நாம் செய்து அனுப்புகிறோம்.

புதன்கிழமை பிற்பகல் அந்த ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். சரியான வண்டி, சரியான நேரம், ஜன்னல் இருக்கை. பாதி வழியில் ஒரு நிலையத்தில் வண்டியை இரண்டாக வெட்டினார்கள். முன்பாதி நான் போக வேண்டிய ஊருக்குப் போனது. பின்பாதி என்னை ஏற்றிக்கொண்டு வேறு மலைப்பக்கம் போனது. ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார்களாம். நான் அப்போது வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் ஜோலார்பேட்டையில் பிறந்தவன். என் அப்பா அங்கே ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தார். வண்டியை வெட்டிச் சேர்ப்பதைப் பார்த்தபடி இட்லி சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஜோலார்பேட்டையில் இப்படி ஒருவன் தப்பான பெட்டியில் உட்கார்ந்திருந்தால் டீ விற்பவர், போர்ட்டர், எதிர் இருக்கைக்காரர் என்று நாலு பேர் கத்தி இறக்கியிருப்பார்கள். இங்கே என் எதிரே இருந்த பெண் என் பயணச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மார்க்கஸ் நடைமேடையில் நின்று, "தாமதம் ஜாஸ்தி" என்றார்.

எனக்கு அறை போட்டிருந்தது ரயில் நிலையத் தெருவில், எர்னா என்ற அம்மாளின் வீட்டு மாடியில். தொண்ணூறை நெருங்கும் வயது. நிமிர்ந்த முதுகு. ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. ஆற்காட்டு இனிப்பு, மக்கன் பேடா ஒரு பெட்டி கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, கத்தி முள்கரண்டியால் எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினார். உள்ளே இருந்த முந்திரியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை உணவின்போது முட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். எத்தனை வேண்டும் என்று கேட்கிறார் என்பது புரிந்தது. எனக்கு ஜெர்மன் மொழியில் எண்கள் முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை மட்டும்தான் தெரியும். பெட்டி மேலே ஒட்டும் ஷூ அளவுகள் அவை. மார்க்கஸ் ஆம்பூரில் உரக்கச் சொல்லச் சொல்லக் கேட்டுப் பழகியது. இரண்டு என்று சொல்ல வராது. விரல் காட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஜெர்மனைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்தேன். அவர் முட்டைக் கூடையை என்னிடமிருந்து தள்ளி வைத்தார். அவர் சிரித்ததில் மேஜையே ஆடியது.

கச்சேரி நடக்கும் இடம் பழைய ஷூ தொழிற்சாலை. இயந்திரங்களை எடுத்துவிட்டு ஊருக்கான மண்டபமாக வைத்திருக்கிறார்கள். உயரமான ஜன்னல்கள், மரத்தரை. தரையில் தையல் இயந்திரங்களின் கால் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு எந்த வரிசையில் என்ன வேலை நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடிந்தது. கம்ப்ரசர் இருந்த மூலையைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரு மூலையில் மேஜை போட்டு ஷூக்களைக் கொடுத்தார்கள். ஒன்றின் உள்துணியைப் பிரித்துப் பார்த்ததில் நோய் தெரிந்தது. உள்ளங்கால் வளைவில் ஷாங்க் என்று ஒரு மெல்லிய இரும்புத் தகடு வைப்போம். எங்கள் ரப்பர் ஷூவில் அது பசையில் மூழ்கிக் கிடக்கும். இதில் அவசரத்தில் பசை குறைந்து, தகடு தோலோடு உரசியது. உள்துணியைத் தூக்கி, பவுடர் தூவி, தட்டி, ஒட்டினால் போதும். பக்கத்துக் கடையில் கிடைத்த பவுடர் குழந்தைகளுக்குப் போடுவது. ஒன்பது டப்பா வாங்கினேன். கடைக்காரப் பெண் வாழ்த்துச் சொன்னார்.

மதியம் ஒன்று பத்துக்குச் சுத்தியலை எடுத்து நாலு தட்டுத் தட்டியிருப்பேன். எதிர் வரிசை வீடுகளில் மூன்று ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூன்று தலைகள். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம், சத்தம் கூடாது என்று மார்க்கஸ் வந்து விளக்கினார். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் எனக்குத் தூக்கமே வரும் என்றேன். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

சுத்தியல் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் இசையை எழுதியவரைச் சந்தித்தேன். பெயர் ரூத். என் வயதுதான் இருக்கும். பென்சிலைக் காதில் செருகியிருந்தார். அவருடைய தாத்தா இந்தத் தொழிற்சாலையில் தோல் வெட்டுபவர். அதை நாங்கள் கிளிக்கிங் என்போம் என்று சொன்னேன். அவர் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஹிட்லர் காலத்தில் இந்த ஊரில் மிஞ்சியிருந்த யூதர்கள் நாற்பத்தொரு பேர். ஒருநாள் காலை அவர்களை இந்த வாசலில் கூட்டி, ரயில் நிலையம் வரை நடத்திக் கொண்டுபோனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. ரூத்தின் அம்மா மட்டும் அதற்கு முன்பே சிறு பெண்ணாக வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

"இந்தப் பாட்டில் வார்த்தைகள் இல்லை" என்றார் ரூத். "நாற்பத்தொரு பெயர்கள்தான். பெயர் படிக்கப் படிக்கப் பாடகர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, நிலையம் வரை நடந்துவிடுவார்கள். தாத்தா பெயர் இருபத்திரண்டாவது. இதை எழுத எனக்கு ஒன்பது வருடம் ஆனது. இந்த ஊரில் நடத்த அனுமதி வாங்க அதைவிட அதிகம்."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "மேடம், ஒரு கீச் வராது. என் பொறுப்பு" என்றேன்.

இப்போது என் குணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பவுடர் போட்ட முதல் ஜோடியை (மல்லிகா வாழ்க) காலில் போட்டு நடந்து பார்த்தேன். கீச் இல்லை. ஆனால் தோல் அடி மரத்தரையில் டக், டக் என்றது. புகார் என்ன? சத்தம். டக் டக் என்பதும் சத்தம்தானே? என்னிடம் ரப்பர் தகடு இருந்தது. பசையை அங்கேயே வாங்கினேன். வியாழன் பாதி நாள், வெள்ளி நாலு மணி வரை. எண்பத்திரண்டு அடியிலும் குதிகாலிலும் ரப்பர் வெட்டி ஒட்டி, ஓரம் செதுக்கி, கறுப்புச் சாயம் தீட்டினேன். யாரும் கேட்காத வேலை. கன கச்சிதமாக வந்தது. வரிசையாக வைத்துப் படம் எடுத்து நயீம் பாய்க்கு அனுப்பினேன். அவர் கைதட்டும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. பாடகர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான். பஸ் ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, இறைச்சிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பத்தொரு பேரும் ஷூ போட்டதும் மண்டபம் முழுக்கக் குழந்தை வாசம். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரியது ஒன்று. முதல் ஐந்து நிமிடம் வாத்தியங்களைச் சுருதி சேர்க்கிறார்கள் என்று நினைத்து, என் குறிப்பேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மார்க்கஸ் என் முழங்கையைத் தொட்டார். அதுதான் பாட்டு.

நாற்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரே ஸ்வரத்தை முனகினார்கள். பெரிய வாத்தியம் அதற்கு அடியில் ஒரே கோடாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெயர் சொன்னதும் ஒருவர் முனகலை நிறுத்தி எழுந்து நடந்தார். ஒரு குரல் குறைந்தது. இன்னொரு பெயர். இன்னொரு குரல் குறைந்தது. அவர்கள் நடந்ததில் ஒரு சத்தம் இல்லை. பூனைகூட அப்படி நடக்காது. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது.

பத்தாவது பெயருக்கு ரூத் கையைத் தூக்கி நிறுத்தினார். முதலிலிருந்து நடக்கச் சொன்னார். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் நிறுத்தினார். மார்க்கஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "கம்மி" என்றார். "சத்தம் ரொம்பக் கம்மி."

ரூத் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் தேவலை. எங்கள் முதலாளி கத்துவார், அது எனக்குப் பழக்கம்.

"எங்கே போனார்கள்?" என்று கேட்டார்.

"வெளியே போனார்கள் மேடம்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"அதற்குத்தான் ரப்பர்..."

"போர் முடிந்து விசாரித்தபோது, ரயில் நிலையத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பதில் சொன்னார்கள். நாங்கள் எதையும் கேட்கவில்லை என்று. காலை பத்து மணி. கல் பாவிய தெரு. ஷூ ஊர்க்காரர்கள், எல்லார் காலிலும் தோல் ஷூ. நாற்பத்தொரு பேர். ஒன்றுமே கேட்கவில்லையாம்." காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். "நேற்று உங்கள் சுத்தியலுக்கு மூன்று ஜன்னல் திறந்தது என்றார்கள்."

"ஆமாம் மேடம்."

"அன்றைக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. நான் எழுதியது பாதிதான் வாத்தியத்துக்கு. மீதி பாதி அந்த நடைக்கு. அது கேட்க வேண்டும் என்றுதான் தோல் அடி கேட்டேன். இங்கே யாரிடமும் இப்போது தோல் அடி வைத்த ஷூ இல்லை. அதனால்தான் அவ்வளவு தூரத்தில் உங்களிடம் வந்தோம்." பென்சிலை மறுபடியும் காதில் செருகினார். "நீங்கள் அந்தத் தெருக்காரர்கள் சொன்னபடி செய்துகொடுத்திருக்கிறீர்கள்."

பதினோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கீச் என்ற சத்தம் அந்த நடையைக் கேலி ஆக்கியது. என் ரப்பர் அதை இல்லாமலே ஆக்கிவிட்டது. இன்னும் ஒரு முழு நாள்தான் இருந்தது. ஞாயிறு மூன்று மணிக்குக் கச்சேரி.

அறைக்குத் திரும்பும் வழியில் மார்க்கஸிடம், எர்னா அம்மாள் கச்சேரிக்கு வருவாரா என்று கேட்டேன். "இந்தத் தெருவில் நிறையப் பேர் வரமாட்டார்கள்" என்றார். "அவர் பிறந்ததே இந்த வீட்டில்தான். அந்த நாற்பத்தொரு பேரை நடத்திக் கொண்டுபோனபோது ஆறு வயது. அவருடைய அம்மா விசாரணையில் சொன்னதும் அதே பதில்தான்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நயீம் பாயைக் கூப்பிட்டேன். ஆம்பூரில் பத்தரை. பின்னால் கம்ப்ரசர்.

"பாய், ஒட்டுன ரப்பர எடுக்கணும்! அடித்தோல் கிழியாம!"

"இன்னாது? நல்லாத்தான சார் இருந்துச்சு!"

"வேணாமாம்!"

"யாரு ஒட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல!"

நயீம் பாய் கம்ப்ரசருக்கு மேலே கத்தினார். "ஏன் சார் இந்தப் பேஜாரு உங்களுக்கு? சூடு காட்டுங்க. சூடு காட்டி, குதிகால்லேர்ந்து மூக்குப் பக்கமா ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தாதீங்க. தல காய வைக்கிற டிரையர் இருக்கும் இல்ல அவங்க ஊட்ல? அது போதும். ஜாஸ்தி சூடு வச்சிடாதீங்க, தோலு சுருங்கிடும்!"

போனை வைத்தபோது எர்னா அம்மாள் கதவருகே நின்றிருந்தார். நான் கத்திய கத்தலுக்குக் கடிந்துகொள்ள வந்தவர். என் மேஜையில் ரப்பர் ஒட்டிய ஒரு ஷூவும், ஆம்பூரிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்த ஒட்டாத ஷூ ஒன்றும் இருந்தன. ஒட்டாததை எடுத்தார். குதிகாலை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். டக். இன்னொரு தட்டு. பிறகு அதைப் பத்திரமாக இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போனார்.

ஒன்பது மணிக்கு நாற்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். மார்க்கஸ் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பத்தொன்பது ஹேர் டிரையர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டதும் மண்டபம் இருண்டது. பஸ் ஓட்டுநர் ஃபியூஸ் மாற்றினார். பிறகு ஆறு ஆறாகப் போட்டோம். எல்லாரும் காலுறையோடு தரையில் உட்கார்ந்து அவரவர் ஷூவுக்கு அவரவர் சூடு காட்டினார்கள். நான் குதிகால், மூக்கு, ஒரே இழுப்பு என்று செய்து காட்டிக்கொண்டு போனேன். இறைச்சிக்கடைக்காரர் மூன்று நிமிடத்தில் இரண்டையும் உரித்துவிட்டு, "தோல் உரிப்பது எனக்குக் கற்றுத்தர வேண்டுமா?" என்றார். ஆசிரியை தன்னுடையதைக் கிழித்துவிட்டு அழுதார். அதை நான் தைத்தேன். உப்புத்தாளால் பசையைத் தேய்த்தார்கள். எங்கள் ஃபினிஷிங் பிரிவு வரிசை அப்படியே அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஒரே குறை, யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. அதையும் தபால்காரர் மதியத்துக்குள் ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாடு உருளைக்கிழங்கு சூப், கறுப்பு ரொட்டி. நான்கு நாளாகத் தாங்கிய மல்லிகாவின் புளியோதரையை நடுவில் வைத்தேன். தபால்காரர் ஒரு மிளகாயைக் காய் என்று நினைத்து முழுதாகக் கடித்தார். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, இதையும் என் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

மணி ஒன்று ஆனது. இன்னும் முப்பது குதிகால்களை இறுக்கித் தட்ட வேண்டியிருந்தது. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ரூத் வந்து சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அடியுங்கள்."

எதிர் வரிசையில் ஜன்னல்கள் திறந்தன. இந்தமுறை ஐந்து. நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பின் சுவரோரம் சிலர் நின்றார்கள். எர்னா அம்மாள் இல்லை. காலை உணவுக்கு இரண்டு முட்டை வைத்தார், கச்சேரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அந்த இசையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தெரியாது. நாதஸ்வரமும் தொழிற்சாலைச் சங்கும்தான் எனக்குத் தெரிந்த வாத்தியங்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன். முனகல் எழுந்து மண்டபம் நிறைந்தது. ஒரு பெயர். முதல் ஆள் எழுந்தார். டக். டக். டக். மரத்தரையில் கனமாக, அவசரமில்லாமல். வாசலைத் தாண்டிக் கல் தெருவில் இறங்கியதும் சத்தம் மாறியது. கூர்மையாகி, தூரமாகி, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த பெயர். உள்ளே குரல் ஒவ்வொன்றாகக் குறைந்தது, வெளியே காலடி ஒவ்வொன்றாகக் கூடியது. ஒவ்வொரு நடையும் ஒரு விதம். இறைச்சிக்கடைக்காரர் தரை அதிர நடந்தார். ஆசிரியை சின்னச் சின்ன அடியாக. இருபத்திரண்டாவது பெயர் வந்தபோது ரூத் தலை நிமிரவில்லை. அந்தப் பெயருக்கு எழுந்தவர் தபால்காரர். ஊரில் எல்லா வீட்டுக்கும் நடந்து பழகிய கால், தாளம் தப்பாமல் போனது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் எனக்கு எதையும் பார்க்கத் தெரியாது. முப்பதைத் தாண்டியதும் எனக்கு வேறு கவலை வந்தது. கல்லில் தோல் அடி தாங்குமா, நான் தைத்த அந்த ஒன்று பிரிந்துவிடுமா? பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவித் தெருவுக்கு வந்து, நடைபாதையில் அவர்கள் கூடவே நடந்தேன். என் காலில் ஆம்பூர் ரப்பர். எனக்குச் சத்தமே இல்லை. ஆசிரியையின் குதிகாலைக் குனிந்து பார்த்தேன். தையல் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது என்னைத் தாண்டி யாரோ போய்விட்டிருந்தார்கள். ஒருவரா, இருவரா தெரியவில்லை. முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா? வாழ்நாளில் எண்ணிக்கை தவறாதவனுக்கு, தவறக் கூடாத இடத்தில் தவறியது.

தெரு முழுக்க ஜன்னல்கள் மூடியிருந்தன. சுத்தியலுக்குத் திறந்தவையும் மூடித்தான் இருந்தன. கடைசி ஆள் கடந்து போனார். மண்டபத்தின் உள்ளே வயலின் நின்றுவிட்டது. நிலையத்தின் பக்கம் திரும்பும் வரை காலடி கேட்டுக்கொண்டே இருந்தது.

எர்னா அம்மாளின் வீட்டின் முன் வந்து நின்றேன். கீழ்த்தள ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. அவர் உள்ளே நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உடை, விளிம்பில் ஊன்றிய இரண்டு கைகள். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு சொல் சொன்னார். மொழிபெயர்க்க மார்க்கஸ் பக்கத்தில் இல்லை. தேவைப்படவும் இல்லை. எனக்குத் தெரிந்த பதினோரு எண்களில் அது ஒன்று. நாற்பத்தொன்று.

நான் தலையாட்டினேன். இன்றைய கணக்கு அல்ல என்பதுபோல் அவர் தலையை அசைத்து மறுத்தார். ஒரு கையைத் தாழ்த்தி, ஜன்னல் விளிம்பை எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தையின் உயரத்தில் வைத்தார். தெருவைப் பார்த்து, அதே எண்ணை மறுபடியும் சொன்னார்.

மேலே போய்க் குறிப்பேட்டைத் திறந்தேன். தெருவிலேயே நாற்பது என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன்.